பேஸ்மன்றுக்குள் வளரும் முருகைக்கல்

நான் பிறந்து வளர்ந்தது நெடுந்தீவில். எமது தீவுக்கு வந்து போனவர்கள் அங்குள்ள கல்வேலிகளை மறந்திருக்க மாட்டார்கள். மற்ற ஊர்களில் கிடுகு வேலியும் பனையோலை வேலியும் இருப்பது போல, எங்கள் வளவுகளைச் சுற்றி முருகைக்கற்களைச் சாந்து இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். அந்தக் கற்களில் தேன்வதை போலவும் பூவிதழ் போலவும் மூளை மடிப்புப் போலவும் கோலங்கள் இருக்கும். வேலி பாய்ந்து முழங்காலை உரசிக்கொள்ளாத பிள்ளை எமது தீவில் இல்லை. முருகைக்கல் என்றால் எங்களுக்குக் கல்தான். வேலிக்கு அடுக்கலாம், சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கலாம். அது உயிருள்ளதொன்று என்பதை நான் அறிந்துகொண்டபோது எனக்கு வயது 47. அறிந்த இடமோ கனடாவில், ஸ்காபரோவில், வீட்டின் கீழே நிலத்துக்குள் இருக்கும் பேஸ்மன்ற் அறை.

கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பி, உயிருள்ள முருகைகளையும் வர்ண மீன்களையும் வளர்ப்பது மேலைநாடுகளில் பலருடைய பொழுதுபோக்கு. காசு செலவாகும் பொழுதுபோக்கு. இந்த இதழைப் படிக்கும் சகோதரிகளில் பலர் மீளக்குடியேறிய இடத்தில் ஒரு கிணற்றுக்காக வருடக்கணக்கில் அலைந்தவர்கள். அவர்களுக்குப் போய் இதை எழுதுவதா என்று நான் தயங்கினேன். "சின்னம்மா, நீங்கள் கரண்ட் இல்லாமல் மூன்று நாள் மீன் காத்த கதையை எழுதுங்கோ, எங்கட பெண்களுக்கு அது விளங்கும்" என்று அக்காவின் மகள் வற்புறுத்தியதால் எழுதுகிறேன்.

எனக்கும் கடலுக்கும் கோபம் உண்டு. 1993 இல் என் கணவர் மருந்துச் சாமான் எடுப்பதற்காக வவுனியா போகப் புறப்பட்டு, இரவில் கிளாலிக் கடலைக் கடக்கப் படகு ஏறினார். மறுகரை சேரவில்லை. மகனுக்கு அப்போது 9 வயது. அதன் பின்னர் 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வு, வன்னி, கொழும்பு என்று அலைந்து 2000 இல் தம்பியின் உதவியோடு கனடா வந்து சேர்ந்தோம். நான் இரவில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்யும் வேலைக்குப் போனேன். கோடையில் எல்லோரும் ஏரிக்கரைக்குப் போவார்கள். நான் போவதில்லை.

2009 இன் கடைசியில் மகன் பழைய தொட்டி ஒன்றை வாங்கி வந்தான். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். வெள்ளைக்காரர் ஒருவர் வீடு மாறும்போது மலிவாகக் கொடுத்தாராம். "உள்ளுக்கு என்ன விடப் போறாய்?" என்று கேட்டேன். "கடல், அம்மா" என்றான். நான் அன்று சாப்பிடவில்லை. இந்தக் காசில் ஊரில் ஒரு குடும்பம் ஆறு மாதம் சீவிக்கும் என்று சண்டையும் பிடித்தேன். அந்த வருடம் மே மாதத்துக்குப் பிறகு அவன் யாருடனும் அதிகம் கதைப்பதில்லை. வேலை முடிந்து வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பான். அவன் ஏதோ ஒன்றில் கை வைக்கிறானே என்று பிறகு பேசாமல் விட்டுவிட்டேன்.

பெரிய தொட்டி வைப்பதில் முதலில் பார்க்க வேண்டியது நிலத்தை. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. எங்கள் தொட்டியில் ஏறத்தாழ 680 லீற்றர் பிடிக்கும். கண்ணாடி, கல், தாங்கும் மேசை எல்லாம் சேர்த்தால் ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும். மரப்பலகைத் தளத்தில் வைத்தால் தளம் வளையும். அதனால்தான் சீமெந்துத் தரையுள்ள பேஸ்மன்றில் வைத்தோம். மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் குழாய் வழியாகக் கீழேயுள்ள சிறு தொட்டிக்கு இறங்கும். அங்கே நுரை பிரிக்கும் கருவி ஒன்று அழுக்கைக் குமிழிகளோடு சேர்த்து மேலே தள்ளி எடுக்கும். மண்சட்டியில் பருப்புக் கொதிக்கும்போது நுரை தள்ளுமே, அதைப்போல. பிறகு பம்பி தண்ணீரை மேலே அனுப்பும். கரண்ட் நின்றால் மேலேயுள்ள தண்ணீரில் ஒரு பங்கு கீழே வடியும், அதற்குக் கீழ்த்தொட்டியில் இடம் விட வேண்டும். மகன் அதை மறந்து ஒருமுறை தரை முழுக்க உப்புத் தண்ணீராகி, துவாய் எல்லாம் போட்டுத் துடைத்தது நான்தான்.

ரொறன்ரோவின் குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லும் குளோரமீன் கலந்திருக்கிறது. நாம் குடிக்கலாம், முருகைக்கு ஆகாது. நுண்ணிய வடிகட்டியில் சுத்தமாக்கிய தண்ணீரில், கடைகளில் இதற்கென விற்கும் உப்பை லீற்றருக்கு 35 கிராம் அளவில் கரைக்க வேண்டும். சாப்பாட்டு உப்பு சரிவராது. கடல்நீரில் சோடியத்தோடு கல்சியமும் மக்னீசியமும் இன்னும் பலவும் உண்டு. முதல் நிரப்புக்கு எங்களுக்கு 24 கிலோ உப்புப் போனது.

அதற்குப் பிறகு பொறுமை வேண்டும். கல் அடுக்கி, தண்ணீர் விட்டு, ஒரு றால் துண்டைப் போட்டு அழுக விட்டோம். அழுகலிலிருந்து அமோனியா வரும், அது மீனுக்கு நஞ்சு. அதை உண்ணும் ஒருவகைப் பக்டீரியா கற்களில் குடியேறி நைத்திரைற்றாக மாற்றும். அதுவும் நஞ்சுதான். வேறொரு வகைப் பக்டீரியா அதை நைத்திரேற்றாக மாற்றும். அது அவ்வளவு கெடுதல் இல்லை. இந்த வேலை சரியாக நடக்க எங்களுக்கு ஐந்து கிழமை எடுத்தது. அவசரப்பட்டு இரண்டாம் கிழமை மீன் வாங்கி விடுபவர்கள் மூன்றாம் கிழமை மீனை எடுத்துக் குப்பையில் போடுவார்கள்.

நான் இதற்குள் வந்தது உப்பினால். மீன் விட்டு இரண்டு மாதத்தில் தண்ணீரின் உப்பு ஏறிக்கொண்டே போகிறது, ஏன் என்று தெரியவில்லை என்று மகன் தலையைச் சொறிந்தான். தண்ணீர் வற்றுகிற அளவுக்கு அவன் உப்புக் கரைத்த தண்ணீரையே திரும்ப ஊற்றியிருக்கிறான். "தம்பி, ஆனையிறவு உப்பளம் பார்த்ததில்லையே நீ? தண்ணிதான் வத்தும், உப்பு வத்தாது. வத்தினதுக்கு நல்ல தண்ணி விடு" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மறுநாள் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து, "அம்மா, அளவெல்லாம் இனி நீங்கள் எழுதுங்கோ" என்று தந்தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் அந்தக் கொப்பியை இன்றுவரை விடவில்லை, இப்போது எழுதுவது பதினொராவது கொப்பி. உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 26 பாகை செல்சியஸ், கல்சியம் 420, காரத்தன்மை 8 க்கும் 9 க்கும் இடையில், மக்னீசியம் 1300. சோதனைக் குழாயில் துளித்துளியாக மருந்து விட்டு நிறம் மாறுவதைப் பார்த்து எழுதுவேன். அளவு சற்றுக் கூடக்குறைய இருந்தாலும் முருகை பழகிக்கொள்ளும். இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாறினால்தான் தாங்காது. கிழமைக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிது விடுவேன், வாளிக்கணக்கில். முதுகுக்கு நல்ல வேலை.

கடைக்குப் போனால் கடைக்காரர் மகனைப் பார்த்துத்தான் கதைப்பார். கேள்வி நான் கேட்பேன், பதில் அவனுக்குப் போகும். ஒருநாள் நான் கொப்பியை மேசையில் விரித்து வைத்து, அவர் விற்ற உப்பில் கல்சியம் குறைவாக இருப்பதை மூன்று மாதக் கணக்கோடு காட்டினேன். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தும் கதைத்தார்.

இந்தக் கல்சியம் விடயத்தில்தான் எனக்கு ஒரு பெரிய ஆச்சரியம் கிடைத்தது. முருகை என்பது சிறு சிறு உயிர்களின் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வாயும் அதைச் சுற்றி மெல்லிய கைகளும் உண்டு. தண்ணீரில் உள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் எடுத்துத் தம் கீழே சுண்ணக்கல்லைக் கட்டிக்கொண்டே போகும். அவற்றின் தசைக்குள் நுண்ணிய பாசி குடியிருந்து வெளிச்சத்தில் உணவு செய்து கொடுக்கும். இதற்காகத்தான் தொட்டிக்கு மேல் அவ்வளவு வெளிச்சம். முருகை வளர வளரத் தண்ணீரில் கல்சியம் குறையும், அதை நாம் ஈடுசெய்ய வேண்டும். மகன் ஏதோ ஜேர்மன் பெயர் எழுதிய வெள்ளைத் தூள் ஒன்றைத் தருவித்தான். திறந்து பார்த்தேன். நீற்றுச் சுண்ணாம்பு! எங்கள் அப்பு வெற்றிலைக்குத் தடவிய அதே பொருள். தூளைத் தண்ணீரில் கரைத்து, தெளிய வைத்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை இரவில் சொட்டுச் சொட்டாகத் தொட்டிக்குள் விட வேண்டும். ஊரில் முருகைக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தோம், இங்கே சுண்ணாம்பைக் கொடுத்து முருகைக்கல் வளர்க்கிறேன். இதை அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் நம்பவில்லை.

சுண்ணாம்பு நீர் கடுமையான காரம். ஒருநாள் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று ஒரு சாடியையும் ஒரேயடியாக ஊற்றிவிட்டேன். தொட்டி பால்போலானது. முருகைகள் எல்லாம் சுருங்கிக்கொண்டன. அன்று வேலைக்குப் போகாமல் தண்ணீர் மாற்றினேன். சம்பளமும் போனது, மூன்று நத்தைகளும் போயின.

முருகைகளில் பட்டன் போன்ற ஒரு வகை உண்டு, பார்க்க மிக வடிவு. அதில் சிலவற்றில் கொடிய நஞ்சு இருக்கிறது. கையில் காயத்தோடு தொடக்கூடாது, அது ஒட்டிய கல்லை ஒருபோதும் கொதிநீரில் போடக்கூடாது. ஆவியே ஆளை விழுத்தும். கல்லைக் கொதிக்க வைத்துக் குடும்பமாக ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. நான் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை வைப்பதில்லை.

மீன்களில் எனக்குப் பிடித்தது செம்மஞ்சள் நிறக் கோமாளி மீன் சோடி. அவற்றில் பெரியவள் பெண், வீட்டை நடத்துபவள். அவள் இறந்தால் கூட இருக்கும் ஆணே சில காலத்தில் பெண்ணாக மாறி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். வேலைத்தலத்தில் இதைச் சொன்னபோது, 'எங்களுக்கு அந்த வசதி இருந்திருந்தால்' என்று ஒரு தோழி சொல்லி, நாங்கள் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அவளும் தனியாகப் பிள்ளை வளர்த்தவள்.

இனிக் கரண்ட் போன கதை. 2013 டிசெம்பர் 21 ஆம் திகதி இரவு ரொறன்ரோவில் மழை பெய்து, விழுந்த இடத்திலேயே பனிக்கட்டியாக உறைந்தது. மரக்கொப்புகள் கண்ணாடி போலாகி, பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. நகரில் ஏறக்குறைய 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ஸ்காபரோவில் மோசம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை 1 மணிக்கு நின்றது. பம்பியின் இரைச்சல் நின்ற அமைதியில் விழித்துக்கொண்டேன். மகன் வேலை நிமித்தம் கல்கரி போயிருந்தான்.

தொட்டியில் தண்ணீர் ஓடாவிட்டால் சில மணித்தியாலங்களில் ஒட்சிசன் குறையத் தொடங்கும். வீடு குளிர்ந்தால் தண்ணீரும் குளிரும். வீட்டைச் சூடாக்கும் உலைக்கும் காற்றைத் தள்ளக் கரண்ட் வேண்டும். மகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அம்மா, அதை விடுங்கோ. மீனுக்காக நீங்கள் குளிருக்குள் நிக்க வேண்டாம். மாமா வீட்டை போங்கோ" என்றான். "சரி தம்பி" என்று சொல்லி வைத்தேன். போகவில்லை. மாமா வீட்டிலும் கரண்ட் இல்லை என்பதை அவனுக்குச் சொல்லவுமில்லை.

யாழ்ப்பாணத்தில் 1990 முதல் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல் இருந்தவர்கள் நாங்கள். ஜாம் போத்தலில் பஞ்சு வைத்துக் கொஞ்ச மண்ணெண்ணெயில் விளக்கெரித்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, தைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். முதலில் என் மனதுக்கு வந்ததும் அந்தச் சைக்கிள்தான். ஆனால் அது பம்பிக்குக் காணாது. கை இருக்கிறதே என்று ஒரு பெரிய யக்கை எடுத்து, தொட்டியில் கோலி ஓரடி உயரத்திலிருந்து திரும்ப ஊற்றினேன். தண்ணீர் விழும்போது காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஐம்பது யக். மகன் வாங்கி வைத்த, பற்றியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்றும் இருந்தது. அது ஓடும் வரை ஒரு மணித்தியாலம் கண்ணயர்வேன்.

தொட்டியைச் சுற்றிப் போர்வைகளைக் கட்டினேன். இரண்டு மூன்று நாள் வெளிச்சம் இல்லாமல் முருகை தாங்கும், குளிரைத்தான் தாங்காது. காஸ் அடுப்பை நெருப்புக்குச்சியால் மூட்டித் தண்ணீர் கொதிக்க வைத்து, இரண்டு லீற்றர் சோடாப் போத்தல்களில் ஆறவிட்டு நிரப்பி, மூடி இறுக்கித் தொட்டியில் மிதக்க விட்டேன். சூடு ஆறியதும் எடுத்து மீண்டும் நிரப்ப வேண்டும். கொல்லையில் இருந்த கரி அடுப்பை உள்ளே கொண்டுவரலாமா என்றும் ஒரு எண்ணம் வந்தது. நல்லவேளை, அப்படிச் செய்து நச்சுப்புகையால் பலர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று பற்றி வானொலியில் எச்சரித்தார்கள். மீனுக்கு உணவு போடவில்லை. போட்டால் அழுக்கு, அழுக்கானால் ஒட்சிசன் இன்னும் குறையும்.

ஞாயிறு இரவு தண்ணீர் 22 பாகைக்கு இறங்கியது. திங்கள் இரவு 19. அன்று விடியற்காலையில் யக்கைத் தூக்க முடியாமல் தரையில் இருந்துவிட்டேன். போர்வையை விலக்கி ரோர்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். கோமாளி மீன்கள் இரண்டும் ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செட்டையை மட்டும் அசைத்தன. கிளாலியில் அந்த இரவு தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்று நினைத்தேன். இருபது வருடத்தில் அதை அப்படி நினைத்துப் பார்த்தது அதுதான் முதற்தடவை. சத்தம் போட்டு அழுதேன், கேட்க ஆளில்லை. அழுது முடிய எழும்பி ஐம்பது யக் ஊற்றினேன்.

செவ்வாய் பிற்பகல் 3 மணிக்குக் கரண்ட் வந்தது. 62 மணித்தியாலம். வெப்பத்தைச் சட்டென்று ஏற்றாமல் ஒரு நாள் எடுத்து மெதுவாக ஏற்றினோம். நீல நிற மீன் ஒன்று இறந்தது. மெல்லிய முருகைகள் பிழைத்தன. மான்கொம்பு போல் கிளைவிடும் பச்சை முருகை, நான் ஆசையாக மூன்று வருடம் வளர்த்தது, அடியிலிருந்து தோல் உரிந்து இரண்டு கிழமையில் வெறும் வெள்ளைக் கொம்பாகிவிட்டது. அதைப் பார்க்க எங்கள் வேலிக்கல் மாதிரியே இருந்தது.

முருகையை வெட்டி நடலாம் என்பதை இங்கே சொல்ல வேண்டும். முருங்கைத் தடி நடுவது போலத்தான். ஒரு கொப்பை வெட்டி, சுப்பர் குளூவால் சிறு கல்லில் ஒட்டி விட்டால் அது தனியாக வளரும். 2011 முதல் நான் அப்படித் துண்டுகள் வெட்டி, 20 டொலர், 30 டொலர் என்று மற்றத் தொட்டிக்காரருக்கு விற்றேன். உப்புச் செலவுக்கும் கரண்ட் காசில் ஒரு பங்குக்கும் அது போதுமாக இருந்தது. வாங்கியவர்களில் மார்க்கம் பக்கம் இருக்கும் சீனத்துப் பெண்மணி ஒருவர். என் வயதுதான். அவருடைய ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுதான், விரலால்தான் அதிகம் கதைப்போம். 2014 தையில் வீட்டு மணி அடித்தது. திறந்தால் அவர், கையில் பிளாஸ்ரிக் பையில் தண்ணீர், அதற்குள் இரண்டு அங்குலப் பச்சைக் கொம்பு. என்னிடம் வாங்கிய முருகையின் துண்டு. காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். இன்று தொட்டியில் இருப்பது அதிலிருந்து வந்ததுதான். எங்களிடம் இப்போது கார் பற்றியில் ஓடும் மாற்று ஏற்பாடும் உண்டு, ஆனாலும் எதை வளர்த்தாலும் ஒரு துண்டை அவர் வீட்டிலும் வைத்துவிடுகிறேன்.

கடைகளில் இந்தோனேசியா, அவுஸ்திரேலியா போன்ற கடல்களில் இருந்து எடுத்த முருகைகளும் விற்பார்கள். முன்பு நாங்களும் வாங்கினோம், இப்போது தொட்டியில் வளர்ந்த துண்டுகளை மட்டுமே வாங்குகிறோம். கடல் வழக்கத்தைவிட ஒரு பாகை கூடச் சூடாகிச் சில கிழமைகள் நின்றாலே முருகை தன்னுள் இருக்கும் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடும். 1998 இல் இலங்கையின் பல பார்கள் அப்படித்தான் செத்தன, 2016 இலும் வெளுத்தன. 2024 இல் உலகம் முழுவதும் நான்காவது தடவையாக வெளுப்பு நடப்பதாக அறிவித்தார்கள். என் தொட்டியில் சூடு ஏறினால் ஒரு விசிறியைப் போட்டுக் குறைத்துவிடுவேன்.

2018 இல் நெடுந்தீவு போனேன். குறிகாட்டுவானில் படகு ஏறும்போது கால் நடுங்கியது, அக்காவின் மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். வளவு வேலி பாதி இடிந்து கிடந்தது. மிச்சம் நின்ற கற்களைத் தடவிப் பார்த்தேன். இது மூளை முருகை, இது தேன்வதை முருகை, இது மான்கொம்பின் அடி. அக்காவின் பேரன் பின்னால் வந்து, "கல்லுக்கெல்லாம் பேர் இருக்கே அம்மம்மா?" என்று கேட்டான். இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். புறப்படும் நாளன்று கடற்கரையில் பொறுக்கிய ஒரு வெள்ளைக் கல்லைக் கொண்டுவந்து, "கனடாவுக்குக் கொண்டு போங்கோ, உங்கட தொட்டிக்குள்ள வையுங்கோ" என்று தந்தான். முருகைக்கல்லை நாட்டை விட்டுக் கொண்டுபோகச் சட்டம் இடம் தராது என்றேன். அவனுக்கு முகம் வாடிவிட்டது. இருவருமாகப் போய் அதை வேலி இடிந்திருந்த இடத்தில் வைத்தோம். முதலில் சரியாக இருக்கவில்லை, திருப்பி வைத்தபோது இருந்தது.